பழைய ஃபேக்டரி பில்டிங் வாங்கப் போறவங்களுக்கு: மண்ணு செக் பண்ற சர்வீஸ் பத்தி எங்க அனுபவம்

நானும் அண்ணியும் சேர்ந்து நியூ ஜெர்சில இட்லி தோசை மாவு அரைச்சு இந்தியன் கடைகளுக்குப் போடுறோம், ஏழு வருஷம் ஆகுது. வாடகை கிச்சன்ல நாலு பேரோட டைம் பங்கு போட்டு அரைச்சு அலுத்துப் போய் சொந்தமா ஒரு இடம் வாங்கலாம்னு இறங்கினோம். அதுக்காக நாங்க காசு குடுத்து எடுத்த என்விரான்மென்டல் செக்கிங் சர்வீஸ் ரெண்டு, அதாவது வாங்கப் போற இடத்துல மண்ணு தண்ணி கெட்டிருக்கானு பாத்து ரிப்போர்ட் குடுக்கறவங்க. அந்த ரெண்டையும் பத்தின ரிவ்யூ தான் இது. முதல் கம்பெனிக்கு 5க்கு 1, ரெண்டாவதுக்கு 5க்கு 4.5. பேரு ரெண்டுமே இங்க போடல. நான் சொல்ல வந்தது கம்பெனி பேர விட இந்த சர்வீஸ எப்படிப் பாத்து எடுக்கணும்ங்கறது தான், ஏன்னா நம்ம ஆளுங்க நிறைய பேரு இப்ப ரெஸ்டாரன்ட், கோடவுன், டே கேர்னு பழைய பில்டிங்கா தேடி வாங்குறாங்க, வீடு வாங்குற மாதிரியே நெனச்சு வாங்குறாங்க.

பில்டிங் செங்கல் கட்டடம், 5500 சதுர அடி, ரயில்வே லைன் பக்கம், விலை 9 லட்சத்து 20 ஆயிரம் டாலர். லோடிங் டாக் இருக்கு, த்ரீ ஃபேஸ் கரன்ட் இருக்கு, டில்டிங் கிரைண்டர் ஆறு போடலாம், அண்ணி பாத்த அன்னிக்கே எந்தப் பக்கம் உளுந்து ஊற வைக்கறது எந்தப் பக்கம் கூலர்னு சாக்பீஸ்ல தரையில கோடு போட்டுட்டாங்க. ஓனர் எழுபத்தெட்டு வயசு அமெரிக்கன் தாத்தா, அவரோட அப்பா 1958ல இருந்து 1981 வரைக்கும் அங்க ஸ்க்ரூ, போல்ட், சின்ன சின்ன மெஷின் பார்ட்ஸ் கடைஞ்சு வித்திருக்காரு. அதுக்கப்புறம் நாப்பது வருஷமா வெறும் ஃபர்னிச்சர் கோடவுன். பாக்க அவ்ளோ சுத்தம்.

பேங்க்ல ஃபேஸ் ஒன் ரிப்போர்ட் வேணும்னாங்க, அதாவது மண்ண தோண்டாம, பழைய ரெக்கார்டையும் இடத்தையும் பாத்து எழுதற ரிப்போர்ட். ப்ரோக்கர் ஒரு கம்பெனி நம்பர் குடுத்தாரு, 1450 டாலர், ஏழே நாள்ல ரிப்போர்ட். ஆள் வந்தது முக்கால் மணி நேரம், ஃபோன்ல படம் எடுத்துட்டு போயிட்டாரு, ரிப்போர்ட்ல பாதிக்கு மேல டேட்டாபேஸ் பிரின்ட் அவுட், கடைசில "கவலைப்பட ஒண்ணும் இல்ல"ங்கற மாதிரி ஒரு பத்தி. எங்க வீட்டுக்காரர் ரொம்ப சந்தோஷமா ஸ்வீட் வாங்கிட்டு வந்துட்டாரு. எனக்கு மட்டும் ஒரே ஒரு விஷயம் உறுத்துச்சு, இருவத்து மூணு வருஷம் மெஷின் ஷாப் ஓடின இடம், இரும்பு பார்ட்ஸ்ல ஒட்டுன எண்ணெய எதை வெச்சு கழுவினாங்க, கழுவின தண்ணிய எங்க ஊத்தினாங்கனு அந்த ரிப்போர்ட்ல ஒரு வரி கூட இல்ல.

எனக்கு அது ஏன் தோணுச்சுன்னா நான் வாலாஜாக்காரி. ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் தமிழ்நாடு குரோமேட்ஸ் ஃபேக்டரி விட்டுட்டுப் போன குரோமியக் கழிவு மலை மாதிரி கெடக்கும், லட்சம் டன்னுக்கு மேல, மழை பெஞ்சா அதுல இருந்து மஞ்சளா தண்ணி ஓடும், சின்ன வயசுல பாத்தது இன்னும் கண்ணுல இருக்கு. ஃபேக்டரி 1990கள் நடுவுலயே மூடியாச்சு, கழிவு அங்கயே தான், ஏன்னா சுத்தம் பண்ண காசு குடுக்க அந்தக் கம்பெனியே இல்ல, அரசாங்கம் தலையில விழுந்துச்சு, வருஷக்கணக்கா இழுத்துச்சு. கொடைக்கானல்ல தெர்மாமீட்டர் ஃபேக்டரி 2001ல மூடினப்ப அப்படி இல்ல, கம்பெனி உயிரோட இருந்துச்சு, எந்த அளவுக்கு சுத்தம் பண்ணணும்னு ஊர்க்காரங்க சண்டை போட்டாங்களே தவிர யாரு செலவு பண்ணணும்ங்கறதுல சந்தேகம் இல்ல. பாதரசக் கழிவுல 290 டன் கிட்ட 2003ல கப்பல் ஏத்தி இங்க பென்சில்வேனியாவுக்கே கொண்டு வந்தாங்க. ரெண்டு ஊரும் ஒரே தமிழ்நாடு தான், ஆனா ஒண்ணுல பில்லு கட்ட ஆள் இருந்தாங்க, இன்னொண்ணுல இல்ல. விஷம் எவ்ளோ இருக்குங்கறதோட சேர்த்து யார் பில்லு கட்டப் போறாங்கனும் பாக்கணும்ங்கறது எனக்கு ஊர்ல இருந்தே மனசுல பதிஞ்சு போன விஷயம்.

அதனால இன்னொரு கம்பெனி தேடினேன். இவங்க நியூ ஜெர்சி ஸ்டேட் லைசென்ஸ் வாங்கின எல்.எஸ்.ஆர்.பி, அதாவது கெட்டுப்போன இடத்த சுத்தம் பண்றத மேற்பார்வை பாத்து கையெழுத்து போடற ஆள், 2009ல வந்த சட்டத்துக்கு அப்புறம் இங்க டி.இ.பி ஆஃபீஸ் (ஸ்டேட்டோட சுற்றுச்சூழல் துறை) ஒவ்வொரு ஃபைலையும் உக்காந்து பாக்கறதில்ல, இவங்க தான் வேலைய நடத்தி கடைசில "முடிஞ்சது"ன்னு ஆர்.ஏ.ஓ லெட்டர் குடுப்பாங்க. ஐம்பது வயசு இருக்கும் அந்த மேடத்துக்கு. 5600 டாலர் கேட்டாங்க, மூணு நாலு மடங்கு. நான் ஏன் இவ்ளோனு கேட்டேன். அவங்க சொன்ன பதில் தான் இந்த ரிவ்யூவோட முக்கியமான விஷயம், நல்லா கவனிச்சு படிங்க.

ஃபெடரல் சட்டம் ஒண்ணு இருக்கு, சூப்பர்ஃபண்ட்னு சொல்லுவாங்க, 1980ல வந்தது. அதுப்படி இடத்த கெடுத்தவன் மட்டும் இல்ல, இப்ப ஓனரா இருக்கறவனும் சுத்தம் பண்ற செலவுக்கு பொறுப்பு, நீங்க ஒரு சொட்டு கூட ஊத்தாட்டியும். 2002 ஜனவரில ஒரு திருத்தம் வந்துச்சு, வாங்கறதுக்கு முன்னாடியே முறையா விசாரிச்சுட்டு, வாங்கினப்புறம் இருக்கறத மோசமாக்காம ஜாக்கிரதையா பாத்துக்கிட்டா, கெட்டிருக்குனு தெரிஞ்சே வாங்கினாலும் ஃபெடரல் சட்டத்துல உங்களுக்கு பாதுகாப்பு உண்டு. அந்த விசாரணை தான் ஃபேஸ் ஒன். அதுலயும் ஆயுசு இருக்கு, முக்கியமான பகுதிங்க எல்லாம் வாங்கற தேதிக்கு முன்னாடி 180 நாளுக்குள்ள செஞ்சதா இருக்கணும். ஆனா நியூ ஜெர்சில ஸ்பில் ஆக்ட்னு தனி சட்டம். இங்க ஃபேஸ் ஒன் மட்டும் போதாது, ஸ்டேட் ரூல்படி ப்ரிலிமினரி அசெஸ்மென்ட்னு ஒண்ணு பண்ணணும், அங்க முன்னாடி என்ன நடந்துச்சு, எங்க கெட்டிருக்கலாம்னு பாக்கறது. அதோட 1993 செப்டம்பர் 14க்கு அப்புறம் இடம் வாங்கினவங்க, கெட்டிருக்குனு தெரிஞ்சோ தெரிஞ்சிருக்க வேண்டிய நிலையிலயோ வாங்கினா அவங்களும் பொறுப்பு. அதாவது ஃபெடரல்ல தெரிஞ்சு வாங்கினாலும் வழி இருக்கு, இங்க தெரிஞ்சு வாங்கினா உங்க தலை மேல. பேங்க்குக்கு வேணும்னு ஒரு பேப்பர் வாங்கறதும், உங்களக் காப்பாத்தற பேப்பர் வாங்கறதும் வேற வேற. முதல் கம்பெனி இத எங்க கிட்ட சொல்லவே இல்ல, அவங்களுக்கு ஒரு ஸ்டார் குடுத்ததுக்கு இதான் காரணம்.

மேடம் வந்து பாத்த அன்னிக்கு நான் கூடவே இருந்தேன், நாலு மணி நேரம். வர்றதுக்கு முன்னாடியே பழைய ஃபயர் இன்ஷூரன்ஸ் மேப், ஏரியல் ஃபோட்டோ, டவுன் ஆஃபீஸ்ல பழைய பெர்மிட் எல்லாம் எடுத்து வெச்சிருந்தாங்க. 1960கள்ல எடுத்த ஒரு ஏரியல் ஃபோட்டோல பில்டிங்க்கு பின்னாடி ஒரு கருப்புத் திட்டு, வெள்ளைப் பென்சில்ல வட்டம் போட்டு வெச்சிருந்தாங்க. உள்ள வந்ததும் நேரா வடக்கு மூலைக்கு போனாங்க, அங்க ஒரு பழைய ஃப்ரிட்ஜ், அத நகத்த சொன்னாங்க, இவரும் அண்ணனும் சேர்ந்து நகத்தினாங்க. கீழ ஒரு ப்ளைவுட் பலகை, சிமென்ட் கலர்லயே பெயின்ட் அடிச்சு தரையோட தரையா இருக்கு. கடப்பாரை வெச்சு நெம்பினதும் ஒரு வாடை வந்துச்சு, நாத்தம் இல்ல, ஒரு மாதிரி தித்திப்பா, ஆஸ்பத்திரில வர்ற மாதிரி. ஒரு சாண் அகலத்துக்கு இரும்பு ஜல்லடை, அதுக்குக் கீழ குழாய். மேடம் உடனே எல்லாரையும் பின்னாடி தள்ளி நிக்க சொல்லிட்டாங்க. அந்தக் குழாய் சாக்கடைக்கு போகல, பில்டிங்க்கு பின்னாடி கல்லு நிரப்பின ஒரு உறை கிணறுக்கு போகுது, அந்தக் கருப்புத் திட்டு அது தான். அண்ணி சாக்பீஸ்ல "உளுந்து"ன்னு எழுதி வெச்ச இடம் அந்த ஃப்ரிட்ஜ்ல இருந்து ஆறடி.

அதுல ஊத்தினது டி.சி.இ, ட்ரைக்ளோரோ எத்திலீன். அந்தக் காலத்துல நிறைய மெஷின் ஷாப்ல எண்ணெய் எடுக்க இதான். தண்ணிய விட கனம், அதனால மண்ணுக்குள்ள இறங்கி நிலத்தடி தண்ணிக்கும் அடியில போய் உக்காந்துக்கும், வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா கரையும், ஆவியாகி தரை விரிசல் வழியா மேல வரும். புற்றுநோய் வரும்னு உறுதி பண்ணின சாமான், அது மட்டும் இல்லாம கர்ப்பத்தோட ஆரம்ப வாரங்கள்ல கருவோட இதயத்த பாதிக்கலாம்னு ஈ.பி.ஏ (ஃபெடரல் சுற்றுச்சூழல் ஆஃபீஸ்) சொல்லுது, அதனால இந்த கெமிக்கல் காத்துல ஒரு அளவுக்கு மேல இருந்தா உடனடி நடவடிக்கை எடுக்க சொல்றாங்க. எங்க கிட்ட பாக்கெட் போடற பொண்ணுங்க அஞ்சு பேரு, மூணு பேரு கல்யாணமான சின்னப் பொண்ணுங்க. இத கேட்டதும் எனக்கு கை கால் ஓடல, பில்டிங்கே வேணாம்னு சொல்லிட்டேன். முதல் ரிப்போர்ட்ட நம்பி கையெழுத்து போட்டிருந்தா அந்தப் பொண்ணுங்க அங்க தான் உக்காந்து மூச்சு விட்டிருப்பாங்க.

அண்ணன் தான் "இன்னும் எவ்ளோ இருக்குனாவது பாத்துட்டு விடலாம்மா"ன்னு சொன்னாரு. ஃபேஸ் டூ, அதாவது மண்ணு தண்ணி சாம்பிள் எடுத்து லேப்ல பாக்கறது, 21,000 டாலர். லாரி சைஸ்ல ஒரு ட்ரில்லிங் வண்டி வந்து நீளமா ப்ளாஸ்டிக் குழாய்ல மண்ண உருவி எடுத்துச்சு, வெட்டித் திறந்து பாத்தா மேல கரி கலந்த கருப்பு மண்ணு, அப்புறம் செம்மண் மாதிரி களிமண், கீழ போகப் போக ஈரம். மேடம் கையில ஒரு மீட்டர், அத மண்ணு மேல அங்குலம் அங்குலமா காட்டிட்டே வந்தாங்க, எட்டடி வரைக்கும் சும்மா இருந்தது பதினோராவது அடில கத்த ஆரம்பிச்சிடுச்சு. தரையில சின்ன ஓட்டை போட்டு அடியில இருக்கற காத்த ஒரு ஸ்டீல் உருண்டைல புடிச்சு லேபுக்கு அனுப்பினாங்க. மூணு வாரத்துல ரிசல்ட். குடிதண்ணில ஃபெடரல் வரம்பு 5 பி.பி.பி, அதாவது நூறு கோடியில அஞ்சு பங்கு, அங்க எடுத்த நிலத்தடி தண்ணில அத விட பல நூறு மடங்கு. சுத்தம் பண்ண சுமார் 2 லட்சத்து 30 ஆயிரம் டாலர் ஆகும்னு எஸ்டிமேட்.

அடுத்து பேங்க். நாங்க எஸ்.பி.ஏ 504 லோன்ல (சின்ன பிசினஸுக்கு ஃபெடரல் கவர்மென்ட் உதவியோட கிடைக்கற லோன்) போயிட்டிருந்தோம், அதுல பேங்க் 50 சதவீதம், இன்னொரு டெவலப்மென்ட் கம்பெனி 40, நம்ம கைக்காசு 10, பழைய பிசினஸ்ங்கறதால எங்களுக்கு 10 தான். ரிப்போர்ட்ட பாத்ததும் ஒரு பேங்க் ஃபோனே எடுக்கல. இன்னொருத்தங்க எஸ்டிமேட் தொகைல 150 சதவீதத்த எஸ்க்ரோல (வேலை முடியற வரைக்கும் எடுக்க முடியாத தனிக் கணக்கு) கட்டுங்க, அப்புறம் பாக்கலாம்னாங்க, அதாவது மூணரை லட்சம் டாலர சும்மா தூங்க வைக்கணும். அவ்ளோ இருந்தா நாங்க ஏன் லோனுக்கு வர்றோம். இவங்க மேல எனக்கு கோபம் இல்ல, கெட்டுப்போன நிலத்த அடமானமா வாங்கினா அது அவங்களுக்கும் தலைவலி தான், ஆனா நாடு முழுக்க இந்த மாதிரி இடம் 4.5 லட்சத்துக்கு மேல இருக்குனு ஈ.பி.ஏவே சொல்லுது, அதுல எத்தனையோ இடம் சும்மா பூட்டிக் கெடக்கறதுக்கு விஷம் பாதிக் காரணம்னா காசு புரட்ட முடியாதது மீதிக் காரணம்.

சரி கவர்மென்ட் காசு? இருக்கு, நிறையவே இருக்கு. இந்த மாதிரி கெட்டுப்போன பழைய இடங்களுக்கான ஈ.பி.ஏ ப்ரௌன்ஃபீல்ட்ஸ் ப்ரோக்ராம் 1995ல இருந்து நடக்குது, 2021 இன்ஃப்ராஸ்ட்ரக்சர் சட்டத்துல மட்டும் அதுக்கு 150 கோடி டாலர் ஒதுக்கினாங்க. ஆனா அந்த கிரான்ட் டவுன், கவுன்ட்டி, லாப நோக்கம் இல்லாத அமைப்பு இவங்களுக்குத் தான், நம்மள மாதிரி பிசினஸ்காரங்க நேரா அப்ளை பண்ண முடியாது. அதுல சுழல் நிதினு ஒண்ணு, திரும்பி வர்ற கடன மறுபடி கடனா குடுக்கறது, அதுல இருந்து நமக்கு லோன் வேணா கிடைக்கும், மானியம் கிடைக்காது. இதுல நாங்க கோட்டை விட்டது ஒண்ணு இருக்கு, மத்தவங்க விடக்கூடாதுனு சொல்றேன். டவுன் கிட்ட அசெஸ்மென்ட் கிரான்ட் (இடத்த செக் பண்றதுக்கான மானியம்) இருந்தா, ஓனர் சம்மதிச்சா, தனியார் இடத்துக்கும் ஃபேஸ் ஒன் ஃபேஸ் டூ அவங்க காசுல பண்ணிக் குடுக்கலாம். எங்க டவுன்ல இருந்திருக்கு. நாங்க 21,000 கட்டி முடிச்சு ரெண்டு மாசம் கழிச்சு டவுன் ஹால்ல ஒரு அம்மா சொன்னாங்க. செலவு பண்ணினத திருப்பித் தர வழி இல்ல. அதனால மண்ணுல ட்ரில் இறங்கறதுக்கு முன்னாடி டவுன் ஹால் போய் "ப்ரௌன்ஃபீல்ட் கிரான்ட் இருக்கா, எங்க இடத்த லிஸ்ட்ல சேப்பீங்களா"னு ஒரு வார்த்தை கேளுங்க. மேடத்துக்கு அரை ஸ்டார் குறைச்சதுல ஒரு காரணம் இது, அவங்க முன்னாடியே சொல்லியிருக்கலாம், நான் கேட்டப்ப அவங்களே தப்புதான்னு ஒத்துக்கிட்டாங்க.

இன்னொரு வழியும் அடைஞ்சு போச்சு. இங்க ஐ.எஸ்.ஆர்.ஏன்னு ஒரு சட்டம், தொழிற்சாலைய மூடினாலோ வித்தாலோ ஓனரோ தொழில் நடத்தினவரோ சுத்தம் பண்ற பொறுப்ப ஏத்துக்கணும். ஆனா 1983 டிசம்பர் 31க்கு அப்புறமும் ஓடின தொழிற்சாலைக்குத் தான் அது. தாத்தாவோட அப்பா 1981லயே மூடிட்டாரு. ரெண்டே வருஷத்துல தப்பிப் போச்சு.

எல்லாம் முடிஞ்சதுனு நாங்க வேற இடம் தேட ஆரம்பிச்சப்ப மேடம் ஃபோன் பண்ணி தாத்தா கிட்ட ஒண்ணு கேக்க சொன்னாங்க. "அவரோட அப்பா காலத்து இன்ஷூரன்ஸ் பேப்பர் ஏதாவது வீட்ல இருக்கா, 1986க்கு முன்னாடி உள்ளது." எனக்கு புரியல. அம்பது வருஷத்துக்கு முன்னாடி முடிஞ்சு போன பாலிசி இப்ப எதுக்கு?

விஷயம் என்னன்னா அந்தக் கால பிசினஸ் லையபிலிட்டி பாலிசி (நம்மால மத்தவங்களுக்கு வந்த சேதத்துக்கு காசு குடுக்கற இன்ஷூரன்ஸ்) பெரும்பாலும் "எப்ப க்ளெய்ம் வருது"ன்னு பாக்காது, "எப்ப சேதம் நடந்துச்சு"ன்னு தான் பாக்கும். 1968ல ஊத்தினது 1968, 69, 70னு நிலத்தடி தண்ணிய கெடுத்துட்டே இருந்துச்சுன்னா அந்தந்த வருஷத்து பாலிசி இன்னிக்கும் உயிரோட தான் இருக்கு. 1986 வாக்குல இருந்து தான் மாசு சம்பந்தப்பட்ட எதுவும் கிடையாதுனு கறாரா எழுத ஆரம்பிச்சாங்க. அதுக்கு நடுவுல 1970கள்ல ஒரு ஷரத்து சேத்தாங்க, திடீர்னு எதிர்பாராம நடந்த மாசுக்குத் தான் குடுப்போம்னு. அத வெச்சு மத்த ஸ்டேட்ல நிறைய இன்ஷூரன்ஸ் கம்பெனி கைய விரிச்சாங்க, ஆனா நியூ ஜெர்சி சுப்ரீம் கோர்ட் 1993ல மார்ட்டன் கேஸ்ல, நீங்க இந்த ஷரத்த அரசாங்கத்துக்கிட்ட ஒப்புதல் வாங்கும்போது பெருசா எதுவும் மாறலனு சொல்லித் தானே வாங்கினீங்க, இப்ப அத சொல்லித் தப்பிக்க முடியாதுனு சொல்லிடுச்சு, தெரிஞ்சே வேணும்னு கெடுத்தவங்களுக்கு மட்டும் தான் குடுக்க வேண்டாம். இது எல்லாம் மேடமும் அப்புறம் எங்க லாயரும் சொல்லித் தெரிஞ்சது.

தாத்தா முதல்ல "அதெல்லாம் என்னிக்கோ தூக்கிப் போட்டாச்சு"ன்னாரு. நானும் அண்ணியும் ஒரு சனிக்கிழமை அவரு வீட்டுக்கு இட்லி சாம்பார் கட்டி எடுத்துட்டுப் போனோம், சும்மா கேட்டா தேட மாட்டாருனு அண்ணி தான் சொன்னாங்க, சாப்டுட்டு அவரே பேஸ்மென்ட்டுக்கு கூட்டிட்டுப் போனாரு. கிறிஸ்துமஸ் லைட், பழைய ரேடியோ, அப்பாவோட மைக்ரோமீட்டர் பொட்டி. மூணு மணி நேரம் கழிச்சு ஒரு நீலக் கலர் பிஸ்கட் டின், உள்ள ரப்பர் பேண்ட் போட்டு சுருட்டி வெச்ச பேப்பர், ரப்பர் பேண்ட் தொட்டதும் பொடிப்பொடியா உதிருது. 1964ல இருந்து 1979 வரைக்கும் நடுவுல மூணு வருஷம் தவிர எல்லா பாலிசியோட முதல் பக்கமும் இருந்துச்சு, பாலிசி நம்பர், தொகை, கம்பெனி சீல். அவங்க அப்பா கையெழுத்த பாத்ததும் தாத்தா கொஞ்ச நேரம் பேசவே இல்ல. "எங்க அப்பா கெட்டவரு இல்லம்மா, அப்ப எல்லாரும் அப்படித் தான் ஊத்தினாங்க"ன்னு சொன்னாரு. எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. உண்மை தானே, அது விஷம்னு அவருக்கு யாரு சொன்னா.

இன்ஷூரன்ஸ் கம்பெனிங்க லேசுல குடுக்கல, பதினாலு மாசம் லெட்டர் போக்குவரத்து. ரெண்டு கம்பெனி வேற கம்பெனிங்களோட சேந்து பேரே மாறிப் போச்சு. கடைசில வருஷக் கணக்குப்படி பங்கு பிரிச்சுக்கிட்டு சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் டாலர் ஒத்துக்கிட்டாங்க. இதுல ஒரு நுணுக்கம், சொந்த இடத்த சரி பண்ண லையபிலிட்டி பாலிசி காசு தராது. நிலத்தடி தண்ணி நம்ம சொந்தம் இல்ல, அது பொது, அதுக்கு நடந்த சேதத்துக்குத் தான் தரும். அதனால தண்ணிய கெடுத்துட்டிருந்த உறை கிணறு மண்ண தோண்டறது, தண்ணி செக் பண்ற கிணறு போடறது எல்லாம் அவங்க காசு. பில்டிங் தரை, ஆவிய இழுக்கற ஃபேன், டாக் ரிப்பேர் எதுவும் அதுல வராது.

நாங்க லாயர வெச்சு அக்ரிமென்ட்ட மாத்தி எழுதினோம். வாங்கற தேதி எதுவும் போடல, ஆர்.ஏ.ஓ லெட்டர் வந்து முப்பது நாள்ல க்ளோசிங்னு மட்டும் போட்டோம். அது வரைக்கும் இடம் தாத்தாவோடது, சுத்தம் பண்ற பொறுப்பும் அவரோடது, தெரிஞ்சே வாங்கினாங்கன்ற பேச்சுக்கே நாங்க போகல. விலைல 90,000 குறைச்சாரு, மீதிச் செலவ அவரு போட்டாரு. இதுக்கு பொறுமை வேணும், ரெண்டரை வருஷம் ஆச்சு மொத்தமா. தோண்டினது என்னவோ நாலு நாள் தான், மூணு மாசத்துக்கு ஒரு தடவை தண்ணி சாம்பிள் எடுத்து அளவு குறையுதுனு காட்டறதுக்குத் தான் எட்டு தடவை. அந்த ரெண்டரை வருஷமும் வாடகை கிச்சன்ல ராத்திரி பத்து மணிக்கு மேல தான் அரைச்சோம், அண்ணிக்கு முதுகு வலி வந்ததே அதுல தான்.

ஆர்.ஏ.ஓ வந்தாலும் "இனி ஒண்ணுமே இல்ல"னு அர்த்தம் இல்ல, இத வாங்கறவங்க கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். எங்களது நிபந்தனையோட வந்த லெட்டர். பத்திரத்துலயே டீட் நோட்டீஸ் ஏறியிருக்கு, பின்னாடி ஒரு பகுதில தார் போட்ட தரைய உடைக்கக் கூடாது, அங்க வீடு கட்டக் கூடாது, அந்த நிலத்தடி தண்ணிய எடுக்கக் கூடாது. ஸ்டேட் கிட்ட பெர்மிட் இருக்கு, அதுக்கு ஃபீஸ் இருக்கு, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாம் சரியா இருக்குனு எல்.எஸ்.ஆர்.பி கையெழுத்தோட சர்ட்டிஃபிகேட் குடுக்கணும். அந்தச் செலவ மாவு விலைல கணக்கு போட்டு தான் வெச்சிருக்கோம். லோன் குடுத்த பேங்க் இந்த லெட்டர பாத்தப்புறம் எஸ்க்ரோ எதுவும் கேக்கல.

மேடத்தோட சர்வீஸ்ல இன்னொரு குறையும் சொல்லிடறேன். ரிப்போர்ட் 400 பக்கம், ரெண்டு பக்கத்துக்கு சுருக்கமா எழுதிக் குடுங்கனு நான் மூணு தடவை கேட்டு வாங்கினேன். ஈமெயில் படிச்சதுக்கும் மணிக் கணக்குல பில்லு வரும், அதனால கேள்விங்கள ஒண்ணா சேத்து வெச்சு வாரத்துக்கு ஒரு ஈமெயில் அனுப்புங்க. மத்தபடி ஒரு குறையும் இல்ல. எங்களுக்கு சாதகமா எதையும் மறைக்க மாட்டேன், ஆபத்து தெரிஞ்சா ஸ்டேட்டுக்கு சொல்ல வேண்டியது என் கடமைனு முதல் நாளே சொன்னாங்க, அந்த நேர்மை எனக்கு ரொம்ப பிடிச்சுது.

நீங்க இந்த மாதிரி ஆள் எடுக்கும்போது விலைய கேக்கறதுக்கு முன்னாடி இத கேளுங்க: நீங்க எல்.எஸ்.ஆர்.பியா, ஸ்டேட் ரூல்படி ப்ரிலிமினரி அசெஸ்மென்ட் சேத்து தானே, தரையில இருக்கற ஒவ்வொரு ஜல்லடையும் எங்க போய் முடியுதுனு பாப்பீங்களா, கெட்டிருந்தா காசுக்கு எங்க எங்க போகலாம்னு சொல்லுவீங்களா. கடைசிக் கேள்விக்கு முழிக்கறவங்கள எடுக்காதீங்க.

இப்ப எட்டு மாசமா புது இடத்துல தான் அரைக்கறோம். தரைக்கு அடியில குழாய் போட்டு ஆவிய இழுத்து கூரைக்கு மேல விடற ஃபேன் ராத்திரி பகலா ஓடுது, கரன்ட் செலவு கம்மி தான். அந்தக் குழாய்ல கண்ணு மட்டத்துல யூ மாதிரி வளைஞ்ச சின்னக் கண்ணாடிக் குழாய், உள்ள செவப்புத் தண்ணி. ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருந்தா ஃபேன் இழுக்குதுனு அர்த்தம், ரெண்டும் ஒரே மட்டத்துல வந்துட்டா நின்னு போச்சுனு அர்த்தம். காலைல நாலரைக்கு அண்ணி கதவு திறந்ததும் லைட் போட்டுட்டு முதல்ல அங்க போவாங்க, செவப்புத் தண்ணிய பாத்து, பக்கத்துல தொங்கற நோட்டுல தேதி போட்டு எழுதிட்டு, அதுக்கப்புறம் தான் கிரைண்டர் ஸ்விட்ச்ச தட்டுவாங்க.